கடலோர மாடியில் விதையிலிருந்து தக்காளியும் மிளகாயும்: பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் மூன்று தடவை விதை போட்டிருக்கிறீர்கள். கடைத் தக்காளியைப் பிழிந்து போட்டது முளைத்து, நூல் மாதிரி நீண்டு, சாய்ந்து செத்தது. அடுத்து மாசியில் பாக்கெட் விதை வாங்கிப் போட்டீர்கள். செடி இடுப்பு உயரம் வளர்ந்து, சித்திரையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. மிளகாய் இலை சுருண்டு அப்படியே நின்றுபோனது. "எனக்குக் கைராசி இல்லையா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் கடலூர் புதுப்பாளையத்தில் பதினோரு வருடமாக மாடியில் வைக்கிறேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் இதேதான் நடந்தது. விதையை மாற்றினேன், மண்ணை மாற்றினேன், உரத்தை மாற்றினேன். மாற்ற வேண்டியது தேதி என்பது மூன்றாம் வருடம்தான் புரிந்தது.

தக்காளியின் சொந்த ஊர் தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைச்சரிவுப் பக்கம். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி, அதற்குப் பழகிய செடி. வெயிலை அது தாங்கும். இரவுச் சூட்டைத்தான் தாங்காது. இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் மகரந்தம் நன்றாக உருவாகி பிஞ்சு பிடிக்கும். இரவிலேயே 24-ஐத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்துபோகும். பகல் 35-க்கு மேலே போனாலும் அதே கதை. பூ பூக்கும், இரண்டு நாள் நிற்கும், காம்பில் உள்ள கணுவோடு மஞ்சளாகி உதிரும். நம் கடற்கரையில் சித்திரை, வைகாசியில் நடுராத்திரி மாடிக்குப் போனால் தரையே கொதிக்கிறது. அப்போது பூத்த செடி உங்களுக்கு என்ன காய் கொடுக்கும்? உங்கள் செடியில் எந்தக் குறையும் இல்லை. தப்பான மாதத்தில் பூத்தது, அவ்வளவுதான்.

மார்கழியும் தையும்தான் நமக்குக் குளிர்காலம். விடியற்காலை 20, 21 வரை இறங்கும். மாசி பாதி வரை தாங்கலாம். ஆக, தக்காளி பூக்க நமக்குக் கிடைப்பது மொத்தம் இரண்டு, இரண்டரை மாதம். அந்தக் காலத்துக்குள் பூ விழுகிற மாதிரி பின்னோக்கி எண்ணிக்கொண்டு போக வேண்டும். நாற்று நட்ட 25, 30 நாளில் தக்காளி பூக்கும். நாற்று வளர 25 நாளிலிருந்து 30 நாள். மார்கழி முதல் வாரத்தில் முதல் பூ வேண்டுமென்றால் கார்த்திகை முதல் வாரம் நட வேண்டும், ஐப்பசி முதல் வாரம் விதை போட வேண்டும். ஆங்கில மாதத்தில் சொன்னால் அக்டோபர் 20-ஐ ஒட்டி. காய் பழுப்பது தை கடைசியில் தொடங்கி பங்குனி வரை வரும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே?" என்று கேட்பீர்கள். அந்தச் சொல் மானாவாரிக்கும் வயலுக்கும் சொன்னது. மிளகாய்க்கும் அது பொருந்தும். நம் கடற்கரை மாடித் தக்காளிக்குப் பொருந்தாது. ஆடியில் போட்ட தக்காளி புரட்டாசிப் புழுக்கத்தில் பூக்கும், ஐப்பசி மழையில் அழுகும்.

ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை என்பதும் தெரிந்ததுதான். அதனால் நாற்றை மாடியில் வெட்டவெளியில் வளர்க்கக் கூடாது. கிழக்கு வெளிச்சம் வரும் வராந்தா, ஜன்னல் விளிம்பு, படிக்கட்டு முகப்பு, எங்கே மழைத்துளி நேராக விழாதோ அங்கே தட்டை வையுங்கள். ஒரு வருடம் சாரல்தானே என்று நாற்றுத் தட்டை வெளியே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பதினைந்து நாள் நாற்று எல்லாம் கழுத்தொடிந்து, குழியில் இருந்த கோகோபீட்டில், அதாவது தென்னை நார்க் கழிவில், பாதி தரையில் கிடந்தது. இரண்டிலை விட்ட தக்காளி நாற்றுக்கு ஐப்பசித் துளி ஒன்று விழுவது நம் தலையில் தேங்காய் விழுகிற மாதிரி.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயலில் உங்கள் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அதனால் மழைக்காலத்தில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிற அளவில் செடியை வைத்திருப்பது நம் ஊர்க்காரர்களுக்கு அவசியம். கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லையா? நாற்றைக் குழித்தட்டிலிருந்து எடுத்து, அடியில் ஓட்டை போட்ட பெரிய காகிதக் கோப்பைக்கு மாற்றி இன்னும் பத்து நாள் வராந்தாவிலேயே வைத்திருங்கள். பத்து நாள் தாமதத்தால் பெரிய நஷ்டம் கிடையாது. தண்ணீரில் நிற்கும் வேர்தான் நஷ்டம்.

இனி விதை. கடைத் தக்காளியைப் பிழிந்து போட்டால் முளைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடையில் தடித்த தோலோடு வருகிற பெங்களூர்த் தக்காளி பெரும்பாலும் ஒட்டுரகம், அதாவது இரண்டு தனித்தனிப் பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அதன் விதையிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒன்று போல ஒன்று இருக்காது. ஒரு செடி காய்க்கும், ஒரு செடி சும்மா நிற்கும். இடம் குறைவாக இருக்கிற மாடியில் அந்தச் சோதனை வேண்டாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 நாட்டுத் தக்காளி மாதிரியே தட்டையாக, காம்புப் பக்கம் பச்சைத் தோளோடு, ரசத்துக்கு ஏற்ற புளிப்போடு இருக்கும். விதை எடுத்து மறுபடி போடலாம், ரகம் மாறாது. இன்னொன்று, சின்னச் சின்னதாகக் கொத்தில் காய்க்கிற செர்ரித் தக்காளி. பெரிய ரகங்களைவிடச் சூட்டில் பிஞ்சு பிடிப்பது அதுதான். முதல் தடவை வெற்றியைப் பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால் செடி வளர்க்கும் பையில் இரண்டை அதற்கு ஒதுக்குங்கள்.

மிளகாய்க்கு நம் மாவட்டத்திலேயே பாலூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள் போகிற வழியில் ரக விதை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். உங்களுக்குக் குறும்பாப்பட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும் கடலோர வறண்ட பூமியில் பழகியது. குட்டையாக, குண்டாகக் காய்க்கும். கிடைத்தால் விடாதீர்கள். மளிகைக் கடை வற்றலைக் கொட்டி விதை எடுப்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன். களத்தில் சுடுவெயிலில் காய்ந்து, மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த விதை. பத்தில் மூன்று முளைத்தால் அதிகம்.

குடைமிளகாய் ஆசையும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தக்காளியைவிட அதற்குக் குளிர்ச்சி கூடுதலாக வேண்டும். தக்காளியோடு சேர்த்து ஐப்பசியில் போட்டால் செடிக்கு நாலைந்து காய், கைக்குள் அடங்கும் அளவில் வரும். ஓசூர்க் காய் அளவை எதிர்பார்க்காதீர்கள். பஜ்ஜி மிளகாய் போடுங்கள், நம் ஊருக்கு அது எவ்வளவோ மேல்.

சரி, விதைப்புக்கு வருவோம். உங்கள் முதல் தோல்வி, அதாவது நூல் மாதிரி நீண்டு சாய்ந்தது, இங்கேதான் நடந்திருக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் விதைத் தட்டுக்கு அடியில் சூடேற்றும் பாய் விரிப்பார்கள், மேலே விளக்குப் போடுவார்கள். அவர்கள் பனிக்காலத்தில் வீட்டுக்குள் நாற்று வளர்க்கிறவர்கள். நமக்கு விதை முளைக்கத் தேவையான சூடு மண்ணிலேயே இருக்கிறது. தக்காளி 5 நாளிலிருந்து 8 நாளில் வரும். மிளகாய் 8 நாளிலிருந்து 15 நாள் எடுக்கும். பத்தாம் நாள் பொறுமையிழந்து மிளகாய்க் குழியைக் கிண்டிப் பார்க்காதீர்கள், பாதி விதை அப்படித்தான் சாகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் தூளை (நோய்க் கிருமியை அடக்குகிற நல்ல பாக்டீரியா) கரைத்து விதையை அரைமணி நேரம் ஊறவையுங்கள். நாற்று அழுகலைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பிறகு 98 குழி உள்ள நாற்றுத் தட்டோ, ஓட்டை போட்ட டீக் கோப்பையோ எடுத்து, கழுவிய கோகோபீட்டோடு மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து நிரப்புங்கள். குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே ஒரு சிட்டிகை தூவினால் போதும். தண்ணீரைத் தெளிப்பானில் பனி மாதிரி தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள்.

நாலாம் நாளிலிருந்து காலையும் மாலையும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதலில் தெரிவது இலை கிடையாது. வெளிர்பச்சையில் ஒரு கொக்கி, தையல் ஊசியை வளைத்த மாதிரி, மண்ணைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதன் ஒரு நுனி இன்னும் மண்ணுக்குள் இருக்கும். சில சமயம் விதைத்தோல் தொப்பி போல அதன் தலையிலேயே ஒட்டிக்கொண்டு வரும், விரலால் பிய்க்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரைமணி நேரம் விட்டால் தானே கழன்றுவிடும். ஒரே ஒரு கொக்கியைப் பார்த்த அந்த நிமிடமே சாக்கை எடுத்துவிட வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று இன்னொரு நாள் மூடி வைத்தால், முதலில் வந்தவை வெளிச்சம் தேடி ஒரே இரவில் இரண்டங்குலம் நீண்டுவிடும். அப்படி நீண்ட தண்டு பிறகு தடிக்கவே தடிக்காது. சாக்கை எடுத்ததும் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமாவது விழுகிற இடத்துக்குத் தட்டு போக வேண்டும். நாற்றின் மேல் தினம் இரண்டு தடவை உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுங்கள், காற்றில் ஆடுகிற மாதிரி. தண்டு குட்டையாக, கெட்டியாக வளரும். தடவிய கையை முகர்ந்தால் தக்காளி வாசனையும், விரலில் மஞ்சள் கலந்த பச்சைக் கறையும் இருக்கும். அந்த வாசனைக்காகவே நான் காலையில் முதல் வேலையாக அங்கே போவேன்.

கோகோபீட்டைக் "கழுவிய" என்று சொன்னேனே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நார்க் கழிவில் உப்பு தங்கியிருக்கும். எனக்கு ஒரு வருடம் மிளகாய் நாற்று முப்பதும் இலை நுனி கருகி, வளராமல் நின்றது. பூஞ்சை, பூச்சி என்று என்னென்னவோ தெளித்தேன். கடைசியில் அந்தக் கட்டியை ஊறவைத்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அதிலிருந்து கட்டியை வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மூன்று தடவை கழுவாமல் பயன்படுத்துவதில்லை.

இதே உப்புப் பிரச்சினை நம் போர்த் தண்ணீரிலும் இருக்கிறது. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளில் கோடையில் தண்ணீர் உவர்த்துவிடும். தக்காளி உப்பை ஓரளவு பொறுக்கும். மிளகாய் அந்த அளவுக்குப் பொறுக்காது. பையின் விளிம்பில் வெள்ளைப் படலம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ மழைத்தண்ணீரையோ கொடுங்கள். இல்லையென்றால் மாதம் ஒரு தடவை பையின் அடியில் வழிந்து ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஐப்பசி மழையில் நாலு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் நாற்றுக்கால் முழுக்க அதுவே போதும். கொசு மட்டும் போகாமல் வலை கட்டுங்கள்.

நாற்று நான்கைந்து நிஜ இலை (முதலில் வந்த இரண்டு விதையிலை கணக்கில்லை) விட்டதும் பைக்கு மாற்றலாம். மிளகாய்க்கு 35 நாளிலிருந்து 40 நாள் ஆகும். இங்கே இரண்டு செடிக்கும் ஒரு வித்தியாசம். தக்காளித் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். தண்டில் தெரிகிற அந்தச் சின்ன ரோமங்களும் முடிச்சுகளும் இருக்கிற பகுதியைக் கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகள் மட்டும் வெளியே தெரிகிற வரை ஆழமாகப் புதையுங்கள். கொஞ்சம் நீண்டுவிட்ட நாற்றையும் இப்படிக் காப்பாற்றலாம். மிளகாயை அப்படிப் புதைத்தால் கழுத்து அழுகும். தட்டில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். மாலையில் நடுங்கள், இரண்டு நாள் நிழல் கொடுங்கள்.

பை தக்காளிக்குப் பதினைந்து அங்குலம், மிளகாய்க்குப் பன்னிரண்டு அங்குலம். ஒரு பைக்கு ஒரு செடி. ஆசைப்பட்டு இரண்டு வைத்தால் இரண்டும் பாதியாக வளரும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, கழுவிய நார்க் கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வாடகை வீடு, எடைக்குப் பயப்படுகிறீர்கள் என்றால் செம்மண்ணைப் பாதியாக்கி நார்க் கழிவைக் கூட்டுங்கள். பையைச் சுவர் ஓரமாக, செங்கல் மேல் வையுங்கள். ஓதமும் இறங்காது, அடியில் தண்ணீரும் நிற்காது. போன வருடம் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ இருந்த மண்ணில் இந்த வருடம் அதே குடும்பத்தை வைக்காதீர்கள். பச்சையாக நின்ற செடி ஒரே நாளில் தொங்கிப்போகிற வாடல் நோய்க் கிருமி மண்ணில்தான் தங்கியிருக்கிறது. அந்த மண்ணில் கீரையோ அவரையோ போட்டுச் சுற்றுங்கள்.

உரத்துக்கு நான் நம்பியிருப்பது மீன் அமிலம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு மீன் கழிவுக்கா பஞ்சம்? கழிவின் எடைக்குச் சமமாக நாட்டுச் சர்க்கரை சேர்த்து, மூடிய டப்பாவில் நிழலில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் தேன் மாதிரிக் கரைசல் வரும். லிட்டருக்கு 5 மில்லி கலந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. பூ வந்த பிறகு இதைக் குறைத்துப் பஞ்சகவ்யாவுக்கு மாறுங்கள், லிட்டருக்கு 30 மில்லி. பூக்கிற செடிக்குத் தழைச்சத்து அதிகம் போனால் இலை குடை மாதிரி விரியும், காய் இருக்காது.

தண்ணீர், காலையில் ஒரு தடவை, விரலை முதல் கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து. காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஒருநாள் கொட்டி, இரண்டு நாள் மறந்தால் தக்காளிக் காயின் அடி கறுத்துக் குழிந்துவிடும். அது நோய் கிடையாது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும், தண்ணீர் சீராகப் போகாததால் காய் நுனிவரை போய்ச் சேராததால் வருவது. முட்டை ஓட்டைப் போட்டுவிட்டு உடனே சரியாகவில்லையே என்பார்கள். அது கரைய மாதக்கணக்காகும். ஊற்றுவதைச் சீராக்குங்கள், அடுத்த காய் நன்றாக வரும்.

இனிப் பூ. தக்காளிப் பூவின் நடுவே மஞ்சள் கூம்பு ஒன்று இருக்கும். மகரந்தம் அதற்குள்ளே இருக்கிறது. ஆட்டினால்தான் நுனி வழியாகக் கொட்டும். வயலில் காற்றும் வண்டும் ஆட்டிவிடும். மாடியில், அதுவும் நம் கடற்கரை ஈரக் காற்றில், மகரந்தம் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறி ஈரம் உலர்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரல்நகத்தால் இரண்டு மூன்று தடவை சுண்டிவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் பொடி பறப்பது தெரியும். பூத்திருக்கிற நாளெல்லாம் இதைச் செய்யுங்கள். பிஞ்சு பிடித்ததா என்று அறிய, வாடிய பூவின் பின்னால் பாருங்கள். காம்பு தடித்து, மிளகு அளவில் பச்சை மணி இருந்தால் நின்றுவிட்டது. தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்தது), பெருங்காயம் கரைத்த மோர் எல்லாம் தெளிக்கிறார்கள். மார்கழியில் தெளித்தால் செடிக்கு நல்லதுதான். சித்திரையில் எதைத் தெளித்தாலும் இரவுச் சூடு குறையாது.

மிளகாய் இலைச் சுருளுக்கு வருகிறேன். "சுருண்டுவிட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் சுருண்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, கவிழ்த்த படகு மாதிரி, காம்பு நீண்டு, அடிப்பக்கம் பளபளப்பாக இருந்தால் முரணைச் சிலந்தி, கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிச் சிலந்தி வகை. இலை சின்னதாகி, வெளுத்து, நரம்பு தடித்து, குருத்தெல்லாம் கொத்தாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி (வைரஸ்). குருத்திலையைத் திருப்பி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். இலைப்பேன் வெளிர்மஞ்சளில் சின்னக் கீற்று மாதிரி நரம்பின் ஓரமாக ஓடும்.

இலைப்பேனுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே சில சொட்டுக் காதி சோப்புக் கரைசல். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி. முரணைச் சிலந்திக்கு வேப்பெண்ணெய் அவ்வளவாகக் கேட்காது. நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்க வேண்டும். கந்தகத்தை உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் மாதக்கணக்கில் வேப்பெண்ணெயே அடித்துவிட்டு, இயற்கை முறை எடுபடவில்லை என்று கைவிடுகிறார்கள். நச்சுயிரி என்று உறுதியானால் மருந்து கிடையாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும். தக்காளிக்கும் இதே வெள்ளை ஈ, இதே மாதிரி இலைச்சுருள் நச்சுயிரி உண்டு. நாற்றாக இருக்கும்போதே தொற்றினால் மொத்தமும் போய்விடும். அதனால் நாற்றுத் தட்டு மேல் முதல் நாளிலிருந்தே கொசுவலைத் துணியை வளைத்துக் கட்டுங்கள். அந்த ஒரு மாதம் காப்பாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மிளகாய்க்குத் தேதி தக்காளி மாதிரி அவ்வளவு கறார் கிடையாது. ஆடியில் போட்டு ஆவணிக் கடைசியில் நட்டால் மழைக்கு முன்னே செடி வேரூன்றிவிடும், கார்த்திகையில் காய் பறிக்கலாம். உங்களுக்கு ஆடி தாண்டிவிட்டது. ஐப்பசியில் தக்காளியோடு சேர்த்தே போடுங்கள், இல்லையென்றால் தையில் போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். அதே வலையை மார்கழியில் கட்டினால் வெளிச்சம் போதாமல் செடி நீளும், கழற்றிவிடுங்கள். மிளகாய் ஒரு வருடத்தோடு முடிகிற செடியும் இல்லை. காய்ப்பு ஓய்ந்ததும் கிளையைப் பாதிக்கு வெட்டி, மேல்மண்ணை மாற்றி எரு வைத்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். என்னிடம் ஒரு சம்பா மிளகாய்ச் செடி மூன்றாம் வருடமும் காய்த்தது.

கடைசியாக, விதை எடுத்து வைப்பது. முதல் பறிப்பை விட்டுவிட்டு இரண்டாம், மூன்றாம் பறிப்பில், நோயில்லாத செடியில், செடியிலேயே முழுக்கப் பழுத்த காயைத் தேர்ந்தெடுங்கள். தக்காளி விதையைச் சுற்றியிருக்கிற வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு கண்ணாடி டம்ளரில் ஊற்றி நிழலில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு நாள் போதும், புளித்து மேலே நுரை கட்டும். மூன்றாம் நாளும் விட்டால் டம்ளரிலேயே முளைவிடக்கூடும். அலசி, அடியில் தங்கிய விதையை மட்டும் எடுத்துப் பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மிளகாய்க்குப் புளிக்கவைக்க வேண்டாம். பழுத்த காயைக் கீறி விதையை உதிர்த்து நிழலில் ஒரு வாரம் காய்ந்தால் சரி. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு செய்யுங்கள், இல்லையென்றால் ராத்திரி வரை எரியும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ரகம் கலப்பது குறைவு. மிளகாயில் தேனீ கலந்துவிடும். பஜ்ஜி மிளகாய்க்குப் பக்கத்தில் குண்டு மிளகாய் இருந்தால், விதைக்கு வேண்டிய கிளையை மொட்டிலேயே மெல்லிய வலைப் பையால் கட்டி, பிஞ்சு பிடித்ததும் அவிழ்த்து, அந்தக் காய்க் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

காய்ந்த விதையைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மாதமும் வருடமும் எழுதி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தக்காளி நாலு வருடம் வரை முளைக்கும், மிளகாய் இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. பழைய விதை என்றால் ஐப்பசி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னே இருபது விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி, டப்பாவில் மூடி வைத்துப் பாருங்கள். பதினைந்துக்கு மேல் வாலெடுத்தால் குழிக்கு இரண்டு போதும். பத்துக்குக் கீழே என்றால் மூன்றாகப் போடுங்கள். நாலைந்துதான் வந்தது என்றால் புது விதை வாங்க இன்னும் உங்களுக்கு நாள் இருக்கிறது.